நிறுத்தி வைத்த டிரெய்லரில் பேட்டரி ஏன் சாகிறது, அதை எப்படிக் காப்பாற்றுவது?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். அமெரிக்காவின் மிச்சிகனில் இருக்கிறீர்கள். 24 அடி டிராவல் டிரெய்லர் (டிரக்கால் இழுத்துப் போய் உள்ளே தங்கும் வீட்டு வண்டி), செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அக்டோபர் கடைசியில், கரண்ட் இல்லாத ஒரு ஸ்டோரேஜ் யார்டில் அதைக் கொண்டுபோய் விட்டீர்கள். பேட்டரியைத் துண்டிக்கும் டிஸ்கனெக்ட் ஸ்விட்சையும் அணைத்துவிட்டுத்தான் வந்தீர்கள். ஏப்ரலில் போய்ப் பார்த்தால் பேட்டரி 4 வோல்ட் காட்டுகிறது, ஒரு பக்கம் புடைத்திருக்கிறது. இரண்டு வருஷத்தில் இது இரண்டாவது பேட்டரி. அப்போதைக்கு அதே மாதிரி ஒரு புது பேட்டரி வாங்கி மாட்டிவிட்டீர்கள். "இந்தக் குளிரை லெட் ஆசிட் தாங்காது, லித்தியம் போட்டுவிடுங்கள்" என்று கடையில் சொன்னார்களாம். போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்பட வேண்டாம். உங்கள் பேட்டரி குளிரால் மட்டும் சாகவில்லை. குளிர் வருவதற்கு முன்பே அது காலியாகிவிட்டது. நிறைய சார்ஜ் உள்ள லெட் ஆசிட் பேட்டரி மிச்சிகன் குளிரைத் தாராளமாகத் தாங்கும். எப்படி என்று சொல்கிறேன், அதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாகப் பிடிபடும்.

பேட்டரிக்குள் இருக்கும் திரவம் கந்தக அமிலமும் தண்ணீரும் கலந்தது. சார்ஜ் இறங்க இறங்க, அமிலத்தில் உள்ள சல்பேட் ஈயத் தகடுகளில் போய் ஒட்டிக்கொள்ளும். திரவம் மேலும் மேலும் வெறும் தண்ணீராக மாறும். தண்ணீர் உறையும், அமிலம் அவ்வளவு எளிதில் உறையாது. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி மைனஸ் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும் உறையாது. பாதி சார்ஜில் இருந்தால் மைனஸ் 20-க்குக் கொஞ்சம் கீழே உறைந்துவிடும். சுத்தமாகக் காலியாகிவிட்டால் மைனஸ் 7, மைனஸ் 10-லேயே கட்டியாகிவிடும். ஜனவரியில் உங்கள் ஊரில் அது சாதாரண இரவு. உறையும்போது விரிவதால் பெட்டி புடைக்கிறது, உள்ளே தகடுகள் வளைகின்றன, பிளக்கின்றன. புடைத்த பேட்டரியைப் பார்த்தாலே நடந்தது இதுதான் என்று சொல்லிவிடலாம். அப்படி உறைந்ததையோ புடைத்ததையோ சார்ஜரில் மட்டும் மாட்டிவிடாதீர்கள், வெடிக்கக்கூடும். நேராக மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள்.

உறையாவிட்டாலும் காலியாக நிற்பது கெடுதல்தான். தகட்டில் ஒட்டிய சல்பேட் ஆரம்பத்தில் மென்மையாக இருக்கும், சார்ஜ் ஏற்றினால் மறுபடி திரவத்துக்குள் போய்விடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் படிகமாக இறுகிவிடும். பிறகு என்ன சார்ஜ் போட்டாலும் கரையாது. 80 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்பதன் அளவு) பேட்டரி 50 ஏஎச் ஆகி, அடுத்த வருஷம் 30 ஆகும். வசந்தத்தில் சார்ஜ் ஏறியது போலவே தெரியும், முதல் ராத்திரியே கைவிட்டுவிடும்.

சரி, ஸ்விட்சை அணைத்த பிறகும் அது எப்படிக் காலியானது?

இரண்டு காரணம். முதலாவது, நீங்கள் யார்டில் விட்டபோதே அது நிரம்பியிருக்காது. அக்டோபர் கடைசிப் பயணத்தில் இரவு குளிருக்கு ஃபர்னஸ் ஓடியிருக்கும். அது புரொபேனில் எரிந்தாலும் உள்ளே இருக்கும் விசிறி பேட்டரியில்தான் சுற்றுகிறது. பல டிரெய்லர்களில் அந்த விசிறி ஓடும் நேரமெல்லாம் 5 ஆம்புக்கு மேல் இழுக்கும். கரண்ட் கொடுக்காத கேம்ப்சைட் என்றால் இரண்டு இரவில் பேட்டரி பாதிக்குக் கீழே போய்விடும். அப்புறம் மூன்று மணி நேரம் டிரக்கில் இழுத்துக்கொண்டு வந்ததில் நிரம்பியிருக்கும் என்று நினைப்போம். நிரம்பாது. டிரக்கையும் டிரெய்லரையும் இணைக்கும் 7 பின் கனெக்டர் வழியாக வரும் சார்ஜ் கம்பி மெல்லியது, தூரமும் அதிகம். கடைசியில் பேட்டரிக்குப் போய்ச் சேர்வது சில ஆம்ப்தான்.

இரண்டாவது, அந்த டிஸ்கனெக்ட் ஸ்விட்ச். பெரும்பாலான டிரெய்லர்களில் அது எல்லாவற்றையும் துண்டிப்பதில்லை. ஓடும்போது டிரெய்லர் கழன்றுவிட்டால் பிரேக் போடும் பிரேக்அவே ஸ்விட்ச் நேராக பேட்டரியிலிருந்தே வரும், அப்படித்தான் வர வேண்டும். அது சும்மா இருக்கும்போது எதையும் குடிக்காது, அதனால் பரவாயில்லை. ஆனால் பல டிரெய்லர்களில் தரைமட்டத்தில் இருக்கும் புரொபேன் கசிவு டிடெக்டரையும் ஸ்விட்சைத் தாண்டித்தான் இணைத்திருப்பார்கள். பழைய டிரெய்லர் என்றால் முந்தைய சொந்தக்காரர் ரேடியோவோ, யுஎஸ்பி சாக்கெட்டோ, கேமராவோ எங்கே இணைத்தார் என்று யாருக்குத் தெரியும்? எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது இங்கே அப்படியே பொருந்தும். எல்லாம் சேர்ந்து 0.2 ஆம்ப் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 4.8 ஏஎச். உங்களிடம் இருக்கும் குரூப் 24 அளவு பேட்டரி ஏறக்குறைய 80 ஏஎச். நிறைந்த பேட்டரியே எட்டு நாளில் பாதி, பதினாறு, பதினேழு நாளில் காலி. ஏற்கெனவே பாதியாக இருந்ததற்கு ஒரு வாரம் போதும். நவம்பர் முதல் வாரத்திலேயே உங்கள் பேட்டரியின் கதை முடிந்திருக்கும்; பனி அதற்கப்புறம்தான் விழுந்தது.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். ஸ்விட்சை அணைத்துவிட்டு நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரை 10 ஆம்ப் அளவில் வைத்து, ஒரு முள்ளை நெகட்டிவ் டெர்மினலிலும் மற்றதைக் கழற்றிய கேபிளிலும் வையுங்கள். 0.00 காட்டினால் ஸ்விட்ச் யோக்கியமானது. 0.05, 0.1 என்று எதையாவது காட்டினால் யாரோ குடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மீட்டர் மாட்டியிருக்கும்போது டிரெய்லரைத் தூக்கும் எலக்ட்ரிக் ஜாக்கையோ, அறையை வெளியே நீட்டும் ஸ்லைடையோ இயக்கிவிடாதீர்கள், மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். டிடெக்டர்தான் குடிக்கிறது என்று தெரிந்ததும் அதன் கம்பியை வெட்டி விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குழந்தைகளோடு நீங்கள் தூங்கும் இடத்துக்கு அதுதான் காவல். பேட்டரியைக் கழற்றினால் டிடெக்டர் தானாக அணையும், திரும்ப மாட்டினால் தானாக எழும். அதுவே போதும்.

கரண்ட் இல்லாத யார்டு, மிச்சிகன் குளிர், வீட்டில் கராஜ். இந்த மூன்றும் இருந்தால் என் பதில் ஒன்றுதான்: பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். 20, 25 கிலோ இருக்கும், தூக்கும்போது முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை.

கழற்றும் முன் போனில் இரண்டு படம் எடுத்து வையுங்கள். பாசிட்டிவுக்குப் போகும் எல்லாக் கம்பிகளிலும் சிவப்பு டேப் சுற்றுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் வீட்டு வயரிங்கில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். காரிலும் கறுப்பு என்றால் நெகட்டிவ். டிரெய்லரின் 12 வோல்ட் வயரிங்கில் பெரும்பாலும் வெள்ளைதான் நெகட்டிவ், கறுப்பு பாசிட்டிவ். என் முதல் வருஷத்தில், ஏப்ரல் மாதம், பழக்க தோஷத்தில் கறுப்பை நெகட்டிவில் மாட்டினேன். ஒரு பொறி, அவ்வளவுதான், டிரெய்லர் முழுக்க இருட்டு. கன்வெர்ட்டரில் (வீட்டுக் கரண்டை 12 வோல்டாக மாற்றி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) இதற்காகவே ரிவர்ஸ் போலாரிட்டி என்று எழுதிய ஃபியூஸ்கள் இருக்கும், அவை எரிந்து மற்றவற்றைக் காப்பாற்றின. அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு முழு நாள் ஆனது. உங்களுக்கு அது நடக்க வேண்டாம்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பாசிட்டிவ் பிறகு. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். ஸ்பேனர் தவறி ஃபிரேமில் பட்டாலும் ஷார்ட் ஆகாமல் இருக்கத்தான் இந்த வரிசை. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். சோடாத் தண்ணீர் மூடி வழியாக உள்ளே போய்விடக் கூடாது. கண்ணாடி, கையுறை இரண்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து தண்ணீர் பாருங்கள். தமிழ்நாட்டில் கரண்ட் கட் காலத்தில் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியவர்களுக்கு இது புது வேலை இல்லை, அதே ஜாதி பேட்டரிதான் இதுவும். தகடுகள் வெளியே தெரிந்தால், மூழ்கும் அளவுக்கு மட்டும் இப்போது ஊற்றுங்கள். மீதியை சார்ஜ் முடிந்த பிறகு, கழுத்தின் அடி விளிம்புக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் கீழே வரை நிரப்புங்கள். முதலிலேயே நிரப்பினால் சார்ஜ் ஆகும்போது திரவம் உயர்ந்து அமிலம் வெளியே வழியும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். குழாய்த் தண்ணீர், கடையில் விற்கும் குடிநீர் எதுவும் வேண்டாம். அமிலமும் ஊற்ற வேண்டாம். ஆவியாவது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயேதான் இருக்கிறது.

அப்புறம் சார்ஜ். இங்கேதான் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். 80 சதவீதம் வரை சீக்கிரம் ஏறும், கடைசி 20 சதவீதம் மெதுவாகத்தான் ஏறும், மணிக்கணக்கில் பிடிக்கும். பச்சை விளக்கு வரும் வரை விடுங்கள், வந்த பிறகும் ஒரு ராத்திரி விட்டால் தப்பில்லை. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் காற்றோட்டம் உள்ள இடமாக இருக்கட்டும். வாட்டர் ஹீட்டர் எரியும் மூலை வேண்டாம்.

நிரம்பிவிட்டதா என்பதை மறுநாள் பாருங்கள். சார்ஜரைக் கழற்றிய உடனே அளந்தால் 13 வோல்டுக்கு மேல் காட்டி ஏமாற்றும். ஒரு ராத்திரி சும்மா இருந்த பிறகு 12.6 அல்லது 12.7 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12-க்குக் கீழே போய்விட்டால் காலிக்குப் பக்கத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தீர்களா, நிறைந்ததற்கும் பாதிக்கும் வித்தியாசம் அரை வோல்ட்கூட இல்லை. டிரெய்லர் சுவரில் இருக்கும் நான்கு விளக்குப் பலகையை நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும். இன்னும் துல்லியமாக வேண்டுமானால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லாக உறிஞ்சிப் பாருங்கள். நிறைந்த செல் 1.265 காட்டும், பாதி என்றால் 1.190. ஆறில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைவாக இருந்தால் அந்த செல் போய்க்கொண்டிருக்கிறது. அந்த பேட்டரியை நம்பி வெளியூர் போக முடியாது.

கராஜில் கான்கிரீட் தரையில் வைத்தால் சார்ஜை உறிஞ்சிவிடும் என்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். பல பத்தாண்டுகளுக்கு முன் பேட்டரிப் பெட்டியை மரத்திலும் ரப்பரிலும் செய்த காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தக் கவலை இல்லை. ஹீட்டர் இல்லாத குளிர்ந்த கராஜாக இருந்தால் இன்னும் நல்லது. சும்மா இருக்கும் பேட்டரியும் தானாகக் கொஞ்சம் இறங்கும், சாதாரண அறை வெப்பத்தில் மாதம் ஏறக்குறைய 5 சதவீதம், பழசானால் அதைவிட அதிகம். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அந்த இறக்கமும் ஏறக்குறைய பாதியாகும். அரிசோனாவில் கோடையில் டிரெய்லரை நிறுத்தி வைப்பவர்களுக்குத்தான் இதில் உண்மையான தொல்லை, உங்களுக்கு இல்லை.

இதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.5-க்குக் கீழே போனால் ஒரு ராத்திரி சார்ஜ் போடுங்கள். குளிர்காலத்தில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் தேவைப்படாது. மறந்துவிடுவோம் என்று பயமாக இருந்தால் மெயின்டெய்னர் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள், 1 ஆம்ப் கொடுப்பது போதும். பெட்டியில் மெயின்டெய்னர் அல்லது ஃப்ளோட் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய டிரிக்கிள் சார்ஜர்கள் பேட்டரி நிரம்பியதைத் தெரிந்துகொள்ளாது, மாதக்கணக்கில் செலுத்திக்கொண்டே இருந்து தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தகட்டைக் காய வைத்துவிடும். காலியாகிச் செத்த பேட்டரி எவ்வளவோ, இப்படி அளவுக்கு மீறி ஊட்டிச் செத்ததும் அவ்வளவு பார்த்திருக்கிறேன்.

டிரெய்லரை வீட்டு வாசலிலேயே நிறுத்த முடிந்தவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். சுவர் சாக்கெட்டில் அடாப்டர் போட்டு டிரெய்லரை இணைத்துவிட்டால் உள்ளே இருக்கும் கன்வெர்ட்டர் பேட்டரியைப் பார்த்துக்கொள்ளும் என்பது சரிதான், ஆனால் எந்தக் கன்வெர்ட்டர் என்பதைப் பொறுத்தது. இப்போது வருபவை பல, நிரம்பியதும் தானாக 13.2 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். பழையவை சில 13.8-லேயே நிற்கும், அப்படி ஆறு மாதம் நின்றால் தண்ணீர் வற்றும். இணைத்து இரண்டு மூன்று நாள் கழித்து பேட்டரி முனையில் அளந்து பாருங்கள், எது உங்களிடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். இன்னொன்று, டிஸ்கனெக்ட் ஸ்விட்ச் அணைந்திருந்தால் பல டிரெய்லர்களில் கன்வெர்ட்டரின் சார்ஜும் பேட்டரிக்குப் போகாது. பிளக் மாட்டியிருக்கிறதே என்று நிம்மதியாக இருந்து, ஏப்ரலில் செத்த பேட்டரியைப் பார்த்தவர்கள் உண்டு.

யார்டிலேயே விட்டு சோலார் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தெற்கு மாநிலங்களில் நல்ல வழி. மிச்சிகனில் டிசம்பர், ஜனவரி வானம் வாரக்கணக்கில் சாம்பல் நிறம். கூரைப் பேனல் மேல் அரை அடி பனி. பலர் அதற்கு மேல் துணி உறையும் போட்டு மூடுகிறார்கள். கம்பத்தில் சாய்த்து மாட்டினால் கொஞ்சம் தேறும், ஆனால் உங்கள் இடத்தில் இருந்தால் நான் அதை நம்பி விட மாட்டேன்.

இப்போது லித்தியம். டிரெய்லரில் போடுவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. எடை பாதிக்கும் குறைவு, பல ஆயிரம் தடவை ஏற்றி இறக்கலாம், பாதி சார்ஜில் நிற்பது அதற்குக் கெடுதலே இல்லை, சொல்லப்போனால் நீண்ட ஓய்வுக்கு அதுதான் பிடிக்கும். கரண்ட் இல்லாத காட்டில் நான்கு நாள் தங்குபவராக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் உங்கள் பிரச்சினைக்கு அது மருந்து இல்லை. அதே டிடெக்டரும் மற்றவையும் சேர்ந்து அதே 0.2 ஆம்பைக் குடிக்கும், லித்தியமும் காலியாகும். உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணுச் சுற்று) ஒரு கட்டத்தில் தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும், மீட்டர் பூஜ்யம் காட்டும், சில சார்ஜர்கள் அந்த நிலையில் பேட்டரி இருப்பதையே உணராது. இதைவிடப் பெரிய விஷயம், 0 டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதமாகும். நல்ல பிஎம்எஸ் இதைத் தடுக்கும், மலிவான சிலவற்றில் அந்தப் பாதுகாப்பு இருக்காது. உங்கள் பழைய கன்வெர்ட்டரும் லெட் ஆசிட்டுக்கானது, லித்தியத்தை முழுதாக நிரப்பாது. அதையும் மாற்ற வேண்டி வரலாம். எப்படியும் குளிர்காலத்தில் அதையும் கழற்றத்தான் போகிறீர்கள். வாங்கினால் பாதிக்குக் கொஞ்சம் மேலே சார்ஜ் வைத்து, கம்பிகளைக் கழற்றி, வீட்டுக்குள் வையுங்கள். மெயின்டெய்னரில் மாட்ட வேண்டாம்.

வசந்தத்தில் திரும்ப மாட்டும்போது பிரேக்அவே ஸ்விட்சின் ஊசியை ஒரு விநாடி இழுத்துப் பாருங்கள், டிரக்கிலிருந்து கனெக்டரைக் கழற்றிவிட்டு. சக்கரங்களில் பிரேக் ரீங்கரிப்பது கேட்க வேண்டும். ஓடும்போது டிரெய்லர் கழன்றுவிட்டால் பிரேக் போட்டு அதை நிறுத்துவது இந்த பேட்டரிதான், அமெரிக்காவில் விதி அது 15 நிமிடம் பிடித்திருக்க வேண்டும் என்கிறது. இதே காரணத்தால், நவம்பரில் பேட்டரியைக் கழற்றுவது யார்டில் நிறுத்திய பிறகுதான், வீட்டிலேயே கழற்றிவிட்டு இழுத்துக்கொண்டு போகக் கூடாது. எலக்ட்ரிக் ஜாக் இருந்தால் அதையும் யோசித்துவிடுங்கள்: டிரெய்லரை இறக்கி, டிரக்கை விடுவித்து, மட்டம் பார்த்த பிறகு பேட்டரியை எடுங்கள். கையால் சுற்றும் கைப்பிடி டிரெய்லரில் எங்கே இருக்கிறது என்றும் பார்த்து வையுங்கள்.

ஏப்ரலில் வாங்கிய அந்தப் புது பேட்டரி இப்போது டிரெய்லரில்தானே இருக்கிறது? இந்த சனிக்கிழமை யார்டுக்குப் போங்கள். கழற்றும் முன் மீட்டரை வைத்து எவ்வளவு இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 12.2-க்கு மேல் இருந்தால் ஒன்றும் ஆகவில்லை, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சார்ஜில் போட்டால் சரியாகிவிடும். அதற்குக் கீழே இருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். மெதுவான சார்ஜில் இரண்டு மூன்று நாள் விட்டு, ஒரு ராத்திரி ஓய்வு கொடுத்து, மறுபடி அளந்து அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள். அது பிழைக்குமா இல்லையா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.